மாடிப்படியில் ஒரு ஜோடிச் செருப்பு

மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு கதவு திறந்தது. உள்ளே அவன் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஆள்.

லேத் பட்டறைக்காரனுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை. கீழே மாடிப்படியில் அவளுடைய செருப்பைப் பார்த்தபோதே ரத்தம் தலைக்கேறிவிட்டது. அறுந்த வாரை அவனே கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்த செருப்பு! பக்கத்துக் கடையில் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஏறி வந்திருந்தான்.

"அண்ணே, ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"யாருக்குடா அண்ணன்?"

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முகத்தில். கண்ணாடி நொறுங்க, அந்த ஆள் ஜன்னலோரம் கிடந்த இரண்டு நாற்காலிகளோடு சேர்ந்து சரிந்தான். அவற்றை விட்டால் அந்த அறையில் சாமான் என்று எதுவும் இல்லை. ஒரு பாய்கூட இல்லை.

வயிற்றில் மிதித்தான். விலாவில் மிதித்தான். விழுந்தவன் திருப்பி அடிக்கவில்லை, தலையை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"எத்தனை நாளாடி நடக்குது?"

"ரெண்டு மாசமா."

அறைந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. அவள் அழவில்லை. புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அங்க இரும்போட மல்லுக்கட்டிச் சம்பாதிக்கிறேன். நீ இங்க ரூம் எடுத்துக் கூத்தடிக்கிறியா?"

"பட்டறை ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு," என்றாள் அவள். "வேலை நேரத்துல இந்தத் தெருவுக்கு எதுக்கு வந்தீங்க?"

அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. கம்பியை அவள் தலைக்கு நேராக ஓங்கினான்.

"என்னையே கேள்வி கேக்கிறியா? இவன் யாருன்னு சொல்லுடி! இல்லேன்னா ரெண்டு பேரையும் இங்கேயே தீர்த்துடுவேன்!"

அவள் விலகவில்லை. கையை நீட்டி, ஜன்னல் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கீழே வண்டிகளின் இரைச்சல். எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை விலகியதும் நிமிர்ந்தாள். அவனைக் கண்டு திகைத்தாள், பிறகு சிரித்தாள். கம்பியில் வழிந்த ரத்தம் கண்ணில் பட்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

பட்டறைக்காரனின் கை தானாகக் கீழே இறங்கியது. தரையில் கிடந்தவன் அந்த ஜன்னலைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இவர் யாருன்னுதானே கேட்டீங்க?" என்றாள் மனைவி. "அவ புருஷன்."