சுவரில் யாரோ தட்டுகிறார்கள்

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் கை பாதியில் நின்றது. எதிரில் இருந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

“யாரோ தட்றாங்க” என்றாள்.

அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் குடியில்லை. வெறும் மனை. முள்செடியும் உடைந்த செங்கல்லும்தான் கிடந்தன.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எலியா இருக்கும். இந்த வீட்ல என்ன கிடைக்கும்னு நம்பி வருதோ, பாவம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வெயில் ஏறிய கூடத்தில் செய்தி வாசிப்பவள் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தை விழித்து அழுதது.

கை கழுவப் போனவனைச் சமையலறையில் அம்மா பிடித்துக்கொண்டாள். “அந்த சோடாபுட்டி வீட்டுத் துக்கத்துக்கு இவளைக் கூட்டிட்டுப் போகாதடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ? அன்னையிலேர்ந்துதான் இவ சுவரைத் தடவிக்கிட்டுத் திரியறா.”

சோடாபுட்டி அவனோடு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். பழுது பார்த்துக்கொண்டிருந்தபோதே லிஃப்ட் அவன்மேல் இறங்கிவிட்டது.

“என்னம்மா பண்ணச் சொல்ற?”

“அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வை. குழந்தை இங்கயே இருக்கட்டும். இல்லாத சத்தம் கேக்கறவகிட்ட பச்சைப் புள்ளைய விட்டுட்டு நான் எப்படிக் கண்ண மூடறது? இவ சரியானா வரட்டும்.”

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குழந்தையைத் தோளில் இறுக்கிப் போட்டிருந்தாள்.

“போறேன் அத்தை. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பார்த்துடறேன். மனசுக்குப் பாக்கற டாக்டர்.”

“நல்லாருக்கு. நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“புள்ளையப் பிரிச்சுட்டு அனுப்பினா மட்டும் பேசாம இருப்பாங்களா?”

அம்மா பாத்திரத்தை ஓசையோடு கவிழ்த்தாள். மனைவி அவன் பக்கம் திரும்பினாள். “தனியாப் போகப் பயமா இருக்குங்க. நீங்களும் உள்ள வரைக்கும் வரணும்.”

அவன் சுவரைப் பார்த்தான்.

“சரி. உனக்காக வரேன்.”

டாக்டர் நடுவயதுப் பெண். உட்காரச் சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினாள். மெதுவாகப் பேசுகிறவர்களின் குரல் அந்தக் கடகடப்பில் கேட்காது என்றாள். விசிறி நின்றதும் அறை கிணறு மாதிரி ஆனது. அவன் கால் ஆட ஆரம்பித்தது.

“என்கூட வேலை பார்த்தவன் செத்ததுலேர்ந்துதான். சும்மா பயம்தான்னு விட்டுட்டோம் டாக்டர்” என்றான். “இதுக்கெல்லாம் வரணுமான்னு...”

“தூக்கம் போயி, சாப்பாடு இறங்காம, வேலையில மனசு நிக்காம தொடர்ந்து இருந்தா வரணும். அதுக்கு முன்னாடி வந்தாலும் நான் திட்ட மாட்டேன். பல் வலின்னா பல் விழற வரைக்குமா காத்திருக்கோம்?”

“பைத்தியம்னு ஆயிடுமோன்னு...”

“ஒரு சாவைப் பக்கத்துல பார்த்தவங்களுக்கு இப்படி வரலாம். அதுக்குப் பேர் பைத்தியம் இல்ல. சரி பண்ண வழி இருக்கு.”

அவன் மூச்சை நீளமாக விட்டான். டாக்டர் மனைவியிடம் திரும்பினாள். “எப்பம்மா கேக்குது?”

“வீடு அமைதியா இருக்கறப்ப.”

“எப்படி இருக்கும் அந்தச் சத்தம்?”

“சுவர்ல கையால தட்டற மாதிரி. மூணு தடவை.”

“ரெண்டு” என்றான் அவன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டுதான். கையால இல்ல, இரும்பு மேல இரும்பு.”

“இவங்க உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்களா?”

அவன் வாயைத் திறந்தான். ‘ஆமாம்’ என்று சொல்லத்தான் திறந்தான். அது வரவில்லை.

“மூணு தட்டினா மேல தூக்குன்னு அர்த்தம் டாக்டர். கீழ இருக்கறவன் ஸ்பேனரால கம்பியில தட்டுவான். மேல மோட்டார்கிட்ட நிக்கறவன் அதைக் கேட்டு ஓட்டணும். எங்க வேலையில அதான் பேச்சு. ரெண்டு தட்டினா நிறுத்து.” அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துப் பேசினான். “அன்னைக்குச் சோடாபுட்டி ரெண்டுதான் தட்டினான். நான் உடனே நிறுத்தினேன். அது நிக்கல.”

அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவன் மட்டும் தலையைச் சாய்த்து, எதையோ கேட்பவன்போல் இருந்தான்.

“தட்டாதடா, நிறுத்திட்டேன்டான்னு ராத்திரியெல்லாம் சுவர்கிட்டச் சொல்லிப் பார்த்துட்டேன். நம்ப மாட்டேங்கறான். தட்டிக்கிட்டே இருக்கான்.”

டாக்டர் தன் நாற்காலியை அவன் அருகே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பிறகு மனைவியைப் பார்த்தாள். “உங்களுக்கும் இதே சத்தம்தானாம்மா?”

அவள் ஆடிக்கொண்டிருந்த அவன் முழங்காலின்மேல் கையை வைத்தாள்.

“எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதே இல்லைங்க.”