சாம்பிள் கவருக்குள் டிராகன்

போடியில் காலையிலிருந்து சாரல். ஜன்னல் வெளிச்சத்தில் ரோஜா ஒரு பச்சை டிராகனைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்த படம். அதைப் பழைய சீட்டுக்கட்டின் ராணி மேல் ஒட்டி, நகத்தால் ஓரம் தேய்த்து, ஏலக்காய் சாம்பிள் போடும் சின்ன பிளாஸ்டிக் கவருக்குள் நுழைக்கிறாள். டிராகன்கள் மோதும் ஒரு கார்டு ஆட்டத்துக்கு ஒரிஜினல் கார்டு வாங்க வசதியில்லாமல், அவள் புருஷன் சின்ராசு இப்படித்தான் செய்து விளையாடுவான். குரங்கணி ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்த அன்று அவன் கார்டுகளெல்லாம் ஓடையில் ஊறிப்போயின. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பிடித்ததைக் கண்ணில் காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக ரோஜா ஆட்டத்தையே கற்றுக்கொண்டுவிட்டாள். “மாமா, இது ஒங்க டிராகன். எறக்குங்க.”

சின்ராசு கார்டை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குச் சாய்க்கிறான். கவரின் வாயை விரித்து மோந்து பார்க்கிறான். ஏலக்காய் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. ஏலக்காய்க் கடையில் காய்க்குத் தரம் பார்த்தவன். முகம் மெல்லத் தெளிகிறது. அடுத்த படத்தை வெட்டும் ரோஜாவின் கத்தரிக்கோல் பாதியில் நிற்கிறது.

“வாசம் இருக்கு தாயி. நெறந்தான் பத்தல.” காய் விற்க வந்தவளிடம் சொல்வதுபோலச் சொல்லி, கார்டைத் திருப்பித் தருகிறான்.

அவள் அதை மற்ற கார்டுகளோடு டப்பாவில் அடுக்கி மூடுகிறாள்.

“சரிண்ணே,” என்கிறாள். “அடுத்த தடவ நல்ல காயாக் கொண்டாறேன்.”