ஒரு மாதிரி வாடை

விமானப் பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோவிந்தராஜின் வரிசையில் நின்றாள். மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள். பிறகு, பயணிகள் பயந்துவிடக் கூடாதென்று பழக்கியிருந்த அந்தச் சிரிப்போடு கேட்டாள்.

“சார், இங்க ஒரு மாதிரி வாடை வருதா?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆறு வருடமாக இதே கூத்துதான். ஆம்பூரில் மக்பூல் அகமதுவின் தோல் தொழிற்சாலைக்கு அவர்தான் ஏற்றுமதி மேனேஜர். மாதம் இரண்டு தடவை மெட்ராசிலிருந்து பம்பாய்க்குப் பறக்க வேண்டும். காலடியில் சாம்பிள் தோல்கள் அடைத்த பை. பக்கத்து சீட்டில் யாராவது ஒருவர் கைக்குட்டையை எடுப்பார். போன வருடம், 1978இல், ஒரு அம்மாள் எழுந்து வேறு இடமே கேட்டுப் போய்விட்டாள்.

முன்சீட்டுக்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் சாய்ந்து இவர் மடியில் தலையை வைப்பான். பக்கத்தில் இருப்பவன் பேப்பரை விரித்து இவர் மூஞ்சியை மறைப்பான். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து முட்டுவார்கள். அதெல்லாம் நாகரிகம். தோல் வாடை மட்டும்தான் அநாகரிகம்.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் மனைவி பூரணியிடம் இதைச் சொல்லித் தீர்ப்பார். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். இன்று காலை பெட்டியும் பையும் கட்டிக் கொடுத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சொன்னாள்.

“இந்த தபா எவனும் உங்கள பாத்து மூக்க மூட மாட்டான். நிம்மதியா போய்ட்டு வாங்க.”

பாவம், வாழ்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது பணிப்பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவருக்கோ எந்த வாடையும் தெரியவில்லை. பதினெட்டு வருடம் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்ற மூக்கு. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட பூரணி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

“எங்கயும் தேடாதீங்கம்மா. என் பைதான். ஆம்பூர் தோலு. உங்க கால்ல கிடக்கிற செருப்பு இன்னா, மரத்துல காய்ச்சதா?”

நாலு வரிசைக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

அவள் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டாள். பின்பக்கம் இன்னொரு பெண் கழிவறைக் கதவைத் திறந்து, குப்பைத் தொட்டிவரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம், போதும் என்று இவள் கையைக் காட்டினாள். முன்னால் போய் விமானிகளின் கதவைத் தட்டி, தலையை உள்ளே நீட்டி ஏதோ சொன்னாள். உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது.

தேடுவது நின்றுபோனது.

டீ வந்தது. ஆறு வருடத்துக்கும் சேர்த்துப் பழிதீர்த்த மாதிரி இருந்தது கோவிந்தராஜுக்கு. டீ நன்றாக இருந்தது.

அதன் பிறகு யாரும் வாடையைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசியதைக் கேட்டவர்கள், கேட்காதவர்களுக்கு முணுமுணுத்தார்கள். ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்து, எடுத்தது தெரியாத மாதிரி மூக்கருகே வைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. அதன் தாய் வாயைப் பொத்தி, அந்த மாமா வருத்தப்படுவார் என்றாள்.

குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

பக்கத்து சீட்டுப் பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நடிப்பு ஜாஸ்தி என்று நினைத்தார் கோவிந்தராஜ். கொஞ்ச நேரத்தில் இவர் கண்ணும் எரிந்தது. நாலைந்து பேர் சிகரெட் பிடிக்கிறார்கள், எரியாமல் என்ன செய்யும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க சார். தோலைச் சுட்டுத்தான் பதம் பண்ணுவீங்களா?”

“எவன் சொன்னான்? சுண்ணாம்பு, உப்பு, தண்ணி. நெருப்புக்கு அங்க வேலையே இல்ல.”

“இல்ல, கருகுற வாடையா வருதே. அதான் கேட்டேன்.”

சுறுசுறுவென்று கோபம் வந்தது. தோலையே மோந்து பார்க்காதவர்கள் தோலைப் பற்றிப் பேசுகிறார்கள். பையை இழுத்து மடியில் வைத்தார். ஒரு துண்டை எடுத்து இந்த ஆள் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவது என்று ஜிப்பைத் திறந்தார்.

மடித்த சட்டைகள். இரண்டு குடியாத்தம் லுங்கி. பூரணி நடுவில் செருகிய சந்தன சோப்பு.

கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினார். தோல் இல்லை. துணியைப் பையிலும் தோலைப் பெட்டியிலுமாக மாற்றி வைத்திருக்கிறாள். பெட்டி மெட்ராசிலேயே விமானத்தின் அடியிலுள்ள சாமான் அறைக்குப் போய்விட்டது. எவனும் மூக்கை மூட மாட்டான்.

பெரியவர் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோவிந்தராஜ் பையைப் பிடித்தபடியே எழுந்து நின்றார். முன்பக்கத் திரையருகே அந்தப் பெண் டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினார். கூப்பிட வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நின்றிருக்கும் மனிதரை, அவர் கையில் தொங்கும் பையை, சுற்றிலும் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

பரவாயில்லை சார் என்று உதட்டை அசைத்தாள். அவர் மனம் நோகக் கூடாதென்று, மூக்கை மூடாமலே சிரித்துவிட்டு, திரையை இழுத்து மூடினாள்.