வெளிக்கிட்டிட்டான்

"மகாதேவி அக்கா! உங்கடை மோன் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

கமலாவதியின் குரல் கிடுகு வேலிக்கு மேலால் ஏறி இந்தப் பக்கம் குதித்தது. அவ நலம் விசாரித்தாலே பொலிஸ் விசாரிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

"இப்பத்தானே குளிச்சவன், கமலா. வெளிக்கிடுறான்."

நகுலேசு வெளிக்கிடுகிறதென்றால் கோயில் தேர் வெளிக்கிடுகிற மாதிரி. முதலில் சவர்க்காரம் போட்டு முகம். துடைத்த பிறகு பவுடர். பவுடர் கூடிவிட்டால் திரும்பவும் முகம். அதன்பிறகு தலைக்குக் கிறீம் பூசி, உச்சி பிரித்து, முன்மயிரைச் சுருட்டி நெற்றியில் விழுத்துவான். அது சொன்ன இடத்தில் விழாது. விழும்வரைக்கும் விடான்.

இவ்வளவும் ரியூசனுக்குப் போக!

ஒரு தாய் என்ன செய்யவேணும்? "அலங்காரம் காணுமடா, போய்ப் படியடா" என்று கத்தவேணும். மகாதேவி கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா.

"இடப்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிக்குது, ராசா. தண்ணி தொட்டு இன்னொருக்கா இழு."

"இப்ப சரியோ அம்மா?"

"பின்னாலை கொஞ்சம் சப்பளிஞ்சு கிடக்கு."

சேட்டை அவவே சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, சூடு ஆறமுதல் போட்டுவிடுவா. காற்சட்டை மடிப்பில் விரல் பட்டால் வெட்டும்.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கைச் சனம் வாயைப் பிளந்துவிட்டது.

தண்ணீர் அள்ளப் போகிற இடமெல்லாம் கமலாவதி இதைத்தான் கதைத்தா. மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து:

"பாருங்கோவன் அநியாயத்தை! மூத்தவன் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போய் ஒரு வருசம். இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒரு சொல்லு வரேல்லை. தாய்க்காரி இளையவனுக்குப் பவுடர் பூசி அழகு பாக்கிறா! பெத்த வயிறோ, இல்லைக் கருங்கல்லோ?"

கனகசபாபதி வாத்தியார் சைக்கிளை நிறுத்தி, தொண்டையைச் செருமி, படலையடியில் நின்று செந்தமிழில் வெடித்தார்.

"அம்மணி! கல்வி கற்கும் பருவத்தில் கண்ணாடி எதற்கு? இந்தப் பிள்ளை உருப்படுவதற்கு யாதொரு வாய்ப்பும் எனக்குத் தெரியவில்லை!"

"ஓம் வாத்தியார்," என்றா மகாதேவி. சொல்லிவிட்டு உள்ளே போய், "ராசா, கொலர் மடிஞ்சு கிடக்கு" என்றா.

கமலாவதிக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்ரை தியாகுவைப் பாருங்கோ. நேற்றுப் போட்ட சேட்டுத்தான் இண்டைக்கும். கண்ணாடி எந்தச் சுவரிலை தொங்குதெண்டே அவனுக்குத் தெரியாது. எழும்பினால் புத்தகம், படுத்தால் புத்தகம். பிள்ளை எண்டால் அது பிள்ளை!"

அன்றைக்கும் காலமை அதே வேலி, அதே குரல்.

"அக்கா! என்ரை தியாகு விடியவே வெளிக்கிட்டிட்டான். உங்கடை மாப்பிள்ளை இன்னும் கண்ணாடிக்கு முன்னாலையோ?"

மகாதேவி சிரிக்கவில்லை. வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

"தியாகுவின்ரை சைக்கிள் உங்கை நிக்குதே, கமலா?"

"ஓம், நிக்குது. நடந்து போயிருப்பான்."

"புத்தகம்?"

"மேசையிலை..." கமலாவதியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மேசையிலைதான் கிடக்கு."

"கமலா, பிள்ளை உடுத்து வெளிக்கிட்டவனோ? வீட்டை விட்டு வெளிக்கிட்டவனோ?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம். கதவு அடிபடுகிற சத்தம். அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கு ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது.

கமலாவதி தலைமயிர் குலைய வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து, நகுலேசின் கொலரைப் பிடித்தா.

"எங்கையடா என்ரை பிள்ளை? நீயும் அவனும்தானே நேற்றுப் பின்னேரம் முடக்கிலை நிண்டு குசுகுசுத்தனீங்கள்!"

"மாமி, கொலரை விடுங்கோ... கசங்குது!"

வேறொரு நாளென்றால் ஒழுங்கையே விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

"சொல்லடா!"

"விடியச் சந்திக்கு வான் வந்தது, மாமி. இயக்க வான். தியாகு அதிலை ஏறீட்டான்."

"உனக்கெப்பிடியடா தெரியும்?"

நகுலேசு தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான்.

"நானும் வாறன் எண்டுதான் சொன்னனான். தலை இழுத்து முடியேல்லை. அப்பிடியே போக ஒரு மாதிரிக் கிடந்துது... நான் சந்திக்குப் போக வான் போயிட்டுது."

கமலாவதியின் கை தானாகக் கழன்றது. முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டா.

"ஐயோ அக்கா! ஒரு சீப்புக்கூட நான் அவனுக்கு வாங்கிக் குடுக்கேல்லையே!"

வாத்தியார் கூடச் செருமவில்லை.

மகாதேவி மகனுக்குக் கிட்டப் போனா. கையை ஓங்கப்போறா என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"திரும்ப எப்ப வருமாம், ராசா, அந்த வான்?"

"பின்னேரம்."

மகாதேவி இரண்டு கையையும் தூக்கி, அவன் வாரியிருந்த தலையை முழுக்கக் கலைத்துவிட்டா.

"உச்சி கோணலாக் கிடக்கு, அப்பன். உள்ளை வா, முதலிலை இருந்து இழுப்பம்."