முதலில் வந்தவருக்கு

வங்கியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் நின்ற வரிசை செருப்புக் கடையைத் தாண்டி, முனையில் திரும்பி, எங்கே போய் முடிகிறது என்றே தெரியவில்லை.

வரிசையின் கடைசியைத் தேடி நடந்தபடியே அவள் தோள்பையைத் தடவிப் பார்த்தாள். பாஸ்புக் இருந்தது. அம்மா பன்னிரண்டு வருஷம் அடுத்த வீட்டுத் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டுச் சேர்த்தது மொத்தமும் இந்தச் சின்ன வங்கியில்தான் கிடந்தது. பரீட்சைக் கட்டணத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் இன்று பாஸ்புக்கைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

“என்னண்ணே இவ்வளவு கூட்டம்?” என்று வரிசையின் வாலில் நின்ற ஆட்டோக்காரரைக் கேட்டாள். வீட்டிலும் பஸ்ஸிலும் கல்லூரி மாடிப்படியிலும் செமினாரை வாய்விட்டு ஒத்திகை பார்த்ததில் குரல் தகர டப்பா மாதிரி ஆகியிருந்தது.

“பேங்க் கவுந்துடுச்சாம்மா. தலைமை ஆபீஸ்ல இருக்கிற அம்மா ஒருத்தங்களே சொல்லிட்டாங்களாம். பேசிட்டு நிக்காத, பின்னால நில்லு.”

நிதிச் சந்தைகளும் நிறுவனங்களும். அதுதான் அவளுடைய முதுகலைப் பாடம். எந்த வங்கியும் எல்லோருடைய பணத்தையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்காது, கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் முன்னால் நிற்பவனுக்குக் கிடைக்கும், பின்னால் நிற்பவனுக்கு வெறுங்கைதான். காலையில் வகுப்பில் அவள் பேசியதே இதைத்தான். தெரிந்த வங்கி ஒன்றை வைத்துச் சொல்லும்படி பேராசிரியர் கேட்டிருந்தார். அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

“உனக்குக் கருநாக்குடி” என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இப்போது அது நினைவுக்கு வந்தது.

வதந்தியாக இருக்கும், வீட்டுக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் வதந்தி பொய்யாக இருந்தாலும் வரிசை நிஜம். பெட்டி காலியானால் காலிதான். படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அவளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னது: முந்து.

முந்தினாள். செருப்புக் கடை வாசலில் ஒரு தையல்காரம்மா அவள் பையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏ பொண்ணு, மூணு மணி நேரமா நிக்கிற என் முழங்கால் என்ன இரவல் காலா? வரிசையில வா!”

“அக்கா, பேங்க் போயிடுச்சுன்னு சொன்னவங்கள நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்க பாத்தேன்? பஸ்ஸுல ஒரு ஆபீஸரம்மா சொன்னாங்களாம். பால்காரர் சொன்னாரு. அவருக்கு முன்னால நின்ன மேஸ்திரி சொன்னாராம். அவருதான் காலைல மொத ஆளா வந்தவரு.”

போன் அடித்தது. அம்மா. அவள் எடுக்கவில்லை.

அதற்குள் மேனேஜர் வாசலுக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “இருந்த பணம் தீந்துடுச்சுங்க. இனிமே எப்பத் தருவோம்னு எனக்கே தெரியாது. கோவிச்சுக்காதீங்க.”

கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. தையல்காரம்மா கத்தவில்லை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கிக்கொண்டிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து, கடைசியாக ஒரு பெரியவர் வெளியே வந்தார். விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்திருந்தது. தன்னிடம் வேலை செய்யும் ஆறு பேருக்கும் பணம் கைக்கு வரும்வரை உள்ளேயே நின்றிருக்கிறார்.

“அதோ, மேஸ்திரி” என்றார் யாரோ.

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். “ஐயா, யாருய்யா அந்த ஆபீஸர்? எங்க இருக்காங்க? எங்கம்மா காசு மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சுய்யா!”

அந்தத் தகர டப்பாக் குரலைக் கேட்டதும் மேஸ்திரி நின்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, துண்டில் சுற்றிய பணத்தை மார்போடு அணைத்தபடியே அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

“காலைல பஸ்ஸுல நீ சொன்னதாலதான் தாயி என் காசு தப்பிச்சுது!”