அருமையான பதிவு

வலைப்பூ எழுதும் மைனா ஒன்று, "நேற்றடித்த காற்றில் என் கூடு விழுந்துவிட்டது" என்று அழுதுகொண்டே எழுதிப் போட்டது. முதல் ஆளாக வந்த கிளி, "அருமையான பதிவு! நேரம் கிடைச்சா நம்ம பக்கமும் வாங்க" என்று பின்னூட்டம் போட்டது. பின்னாலேயே புறாக்கூட்டம் மொத்தமும் வந்து "அருமை, அருமை" என்றது.

மைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னூட்டங்கள் அத்தனையையும் அழித்துவிட்டது.

கிளி பறந்து வந்தது. "என்னங்க இது? நாங்க வந்தா நீங்க வரணும், அதுதானே இங்க பழக்கம்? இப்படிப் பண்ணினா உங்க பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க."

"பார்க்க வேண்டாம். படிக்காமப் பாராட்டுற கூட்டத்துக்கு, காலியாக் கிடக்கிறதே மேல்!"

பக்கம் காலியாகத்தான் கிடந்தது. மைனாவும் எழுதுவதை விடவில்லை. ஒருநாள், முன்பின் தெரியாத அணில் ஒன்று எழுதியிருந்தது:

"கூடு விழுந்ததைப் படிச்சேன். எந்த மரம்னு சொல்லலையே? தேங்காய் நாரோட கிளம்பி நிக்கிறேன்."