ஒரே ஒரு டேக்

கடைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை செய்த முதல் காரியம், காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பைத் தூக்கிக் காதோடு ஒட்டிக்கொண்டதுதான்.

சவுண்ட் என்ஜினீயருக்கு மானம் போயிற்று.

"மாப்ளே, அது போன் இல்ல. கீழ வைங்க."

"ஃபேன் சத்தம் கேக்குதான்னு பார்க்கிறேன் மச்சான்."

விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ஜினீயர், இந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலப் பக்கத்து அலமாரிக்கு நகர்ந்தார்.

இருபது வருஷமாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறவர். தொழிலில் அவருக்குப் பட்டப்பெயரே 'பாம்புச்செவி'. பாடுகிறவர் மூச்சு இழுப்பதில் துளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததோடு விடமாட்டார், நாலு பேர் முன்னால் அதைப் பாடியும் காட்டுவார்.

தங்கை புருஷனான இந்த மாப்பிள்ளையோ லிஃப்ட் மெக்கானிக். குளிக்கும்போதுகூட வாய்விட்டுப் பாடாத மனுஷன். அப்பேர்ப்பட்டவர் நேற்று போன் செய்து, "பாட்டு ரெக்கார்ட் பண்ண நம்பகமான லேப்டாப் ஒண்ணு வாங்கணும் மச்சான், கூட வர்றீங்களா?" என்று கேட்டபோது, என்ஜினீயர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆளாளுக்கு ஒரு மைக், ஒரு லேப்டாப், படுக்கையறையிலேயே ஸ்டுடியோ. இப்போது லிஃப்டுக்கு கிரீஸ் தடவுகிறவரும் கிளம்பிவிட்டார்!

வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் கூட வந்தார்.

"உங்களுக்கு எதுக்கு மாப்ளே இதெல்லாம்? போனை எடுத்துக்கிட்டு லிஃப்டுக்குள்ள போய் நின்னு பாடுங்க. எக்கோ சும்மாவே வரும்."

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. விற்பனைப் பெண்ணிடம், "ரெக்கார்டிங் நடுவுல இது நின்னுடாதேம்மா?" என்று கேட்டார்.

"எட்டு ஜிபி ரேம் சார். நல்லா ஓடும்."

"எட்டா?" என்ஜினீயரால் சும்மா இருக்க முடியவில்லை. "நாலு டிராக் போட்டா நாக்குத் தள்ளிடும். பதினாறு ஜிபியாவது வேணும்... ஆனா இவர் பாடப்போற பாட்டுக்கு எட்டே அதிகம். விடும்மா."

"பதினாறே காட்டும்மா" என்றார் மாப்பிள்ளை.

மூன்று லேப்டாப்கள் மேஜைக்கு வந்தன. மாப்பிள்ளை அதோடு விட்டாரா? மூன்றிலும் ரெக்கார்டிங் மென்பொருளை ஓடவிட்டு, கூடவே நாலைந்து வீடியோவையும் திறந்துவைக்கச் சொன்னார்.

"எதுக்கு சார்?" என்றாள் அந்தப் பெண்.

"லிஃப்ட் காலியா போகும்போது ஒழுங்காதான் இருக்கும்மா. லோடு ஏத்திப் பார்த்தாதான் கோளாறு தெரியும்."

அரை மணி நேரம்! வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க, மூன்றுக்கும் மாறி மாறிக் காது கொடுத்துக்கொண்டு குனிந்தே நின்றார். முதல் லேப்டாப் பத்தாவது நிமிஷமே மிக்ஸி மாதிரி அலறியது. இரண்டாவது சூடேறித் திணறி, அப்படியே உறைந்து நின்றது. மூன்றாவது மூச்சுக் காட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

என்ஜினீயரே தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்த மூன்றாவதைத்தான் எடுத்திருப்பார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

"இவ்வளவு அலட்டல் எதுக்கு மாப்ளே? நடுவுல நின்னா திரும்பப் பாடிக்கலாம். பேர் வாங்கின பாடகருங்களே என்கிட்ட நாப்பது டேக் எடுக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன, ஒரே டேக்ல ஓகே ஆகணுமா?"

"ஆமா மச்சான். ஒரே ஒரு டேக்தான் கிடைக்கும்."

என்ஜினீயருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படி எந்தப் பெரிய வித்வான் பாடப்போறாரு?"

"உங்க தங்கச்சி."

"அவளா! இத்தனை வயசுக்கப்புறம் அவளுக்கு ஏன் இந்த ஆசை?"

மாப்பிள்ளை அந்த மூன்றாவது லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"கழுத்துல கட்டி மச்சான். நாளன்னைக்கு ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் பயமில்லை. ஆனா குரல் நரம்பு கட்டியை ஒட்டினாப்பல போகுதாம், பழைய குரல் திரும்பும்னு உறுதி சொல்ல முடியாதுங்கிறார் டாக்டர். இப்பவே காலையில ஒரு பாட்டு பாடினா அன்னைக்கு முழுக்கத் தொண்டை அடைச்சுக்குது. பொண்ணுக்குத் தாலாட்டா பாடின பாட்டை நாளைக்குக் காலையில பாடி வெச்சுடணுங்கிறா. அவ குரல் வீட்ல இருக்கணுமாம்."

என்ஜினீயர் மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவு நடந்திருக்கு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லத்தான் அவ மூணு தடவை போன் பண்ணினா. 'ரெக்கார்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசு'ன்னு வெச்சுட்டீங்க."

விற்பனைப் பெண், எதையோ எடுக்கப் போகிறவள்போல உள்ளே போய்விட்டாள்.

"மாப்ளே, இந்த லேப்டாப்பே வேண்டாம்" என்றார் என்ஜினீயர் படபடவென்று. "நாளைக்குக் காலையில ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வாங்க. எல்லா புக்கிங்கையும் தூக்கிடறேன். இருக்கிறதுலயே நல்ல மைக்கைப் போட்டு, நானே உக்காந்து..."

"நானும் அதைத்தான் சொன்னேன் மச்சான். மாட்டேங்கிறா."

"ஏன்?"

மாப்பிள்ளை, மச்சான் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருந்தா, அவளுக்கு இப்பவே குரல் வராதாம்."